தடுமாறும் காலுக்குப் பயிற்சி

ஒரு முதியவர் நடப்பதைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். கடற்கரைச் சாலையோ, பூங்காவோ, கோயில் பிராகாரமோ, எங்கேயானாலும் சரி. முன்னால் வைக்கும் காலை விட்டுவிட்டுப் பின்னால் தங்கும் காலைப் பாருங்கள். நாற்பது வயதுக்காரரின் கால் இடுப்பைத் தாண்டி நன்றாகப் பின்னுக்குப் போய், கட்டைவிரலால் தரையை உந்திவிட்டுத்தான் கிளம்பும். எழுபத்தைந்தைத் தாண்டிய பலருக்கு அந்தப் பின்வீச்சு இருக்காது. இடுப்பைச் சற்றே கடந்ததும் கால் தூக்கப்பட்டுவிடும். அதனால் அடி குறுகும். உடல் முன்னே சாயும். சாய்ந்த உடலைத் தாங்க அடி இன்னும் குறுகும். 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போகிறோம்.

அமெரிக்க மறுவாழ்வு மருத்துவர் கேஸி கெரிகன் அப்படிக் கடந்து போகவில்லை. இளையவர்கள், ஆரோக்கியமான முதியவர்கள், அடிக்கடி விழும் முதியவர்கள் என மூன்று தரப்பினரையும் நடக்கவைத்து அவரது குழு அளந்தது. 2001-இல் வெளியான அந்த ஆய்வில், முதியோருக்கு இடுப்பு மூட்டு பின்னுக்கு நீளும் அளவு குறைந்திருந்தது. விழுந்து பழகியவர்களுக்கு இன்னும் குறைந்திருந்தது. வேகமாக நடக்கச் சொன்னபோதும் அந்தக் குறைவு போகவில்லை. தயக்கத்தால் மெதுவாக நடக்கிறார்கள் என்றால் வேகம் கூடும்போது அது மாறியிருக்க வேண்டும். மாறாததால், இடுப்பு மடிப்பின் முன்புறத் தசைகள் இறுகிப்போனதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

எனக்கு இது மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி. வயதைக் குறைக்க யாராலும் முடியாது. இறுகிய தசையை எழுபதிலும் எண்பதிலும் நீட்ட முடியும்.

முதுமையில் விழுவதை நாம் எப்போதோ நேரும் விபத்து என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது அவ்வளவு அரிதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு அடிபடுபவர்கள் ஆண்டுக்கு 3.73 கோடி. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையாவது விழுகிறார். தமிழ்நாட்டில் 2021-இல் அறுபது வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் இருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம். அப்படியென்றால் இந்தப் பேச்சு நம் தெருவில் பாதி வீடுகளுக்குப் பொருந்தும்.

இடுப்பைப் பார்த்தோம். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது கணுக்கால்.

நாம் நேராக நிற்பதாக நினைக்கும்போதும் உடல் அசையாமல் நிற்பதில்லை. முன்னும் பின்னுமாக மிக லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளங்கையில் நீளமான கம்பை நிறுத்தும் சிறுவன் கையைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே இருப்பதுபோல, கணுக்கால் அந்த ஆட்டத்தை நொடிக்கு நொடி திருத்துகிறது. ஆட்டம் பெரிதானால் இடுப்பு வளைந்து சமாளிக்கும். அதற்கும் மீறினால் ஒரு காலைச் சட்டென எடுத்துவைத்துத் தப்பிக்கிறோம். கணுக்கால், இடுப்பு, எடுத்துவைக்கும் காலடி என்று இந்த மூன்று காவல்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. கெண்டைக்கால் சதை இறுகிப் பாதம் மேல்நோக்கி மடங்க மறுத்தால் முதல் காவலே பலவீனமாகிவிடும். சிறிய தள்ளாட்டத்துக்கே உடல் இரண்டாவது, மூன்றாவது காவலைத் தேடும். அந்த நேரத்தில் கால் வேகமாக எட்டாவிட்டால் அடுத்தது தரைதான்.

நடக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. வீசி வரும் காலின் விரல்நுனிக்கும் தரைக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். பாதம் சற்றே தொங்கினால்கூடப் போதும், மிதியடியின் மடிந்த ஓரமும், பூஜையறை நிலைப்படியும், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் அரை அங்குல மேடும் காலைத் தட்டிவிடும். முப்பது ஆண்டுகளாகக் கடந்துவந்த நிலைப்படி அதே உயரத்தில்தான் இருக்கிறது. கால்தான் முன்போல் உயர்வதில்லை.

தசையும் தசைநாணும் ஏன் இறுகுகின்றன? அவற்றில் உள்ள கொலாஜன் இழைகளுக்கிடையே வயது ஏற ஏறக் குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன, நீர்ச்சத்து குறைகிறது. சர்க்கரை நோய் இருந்தால் இந்தப் பிணைப்பு இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் வயதின் மேல் மட்டுமே பழியைப் போடுவது நியாயமில்லை. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மடிப்பு நாளெல்லாம் சுருங்கியே இருக்கிறது. எந்த நீளத்தில் அதிகம் வைத்திருக்கிறோமோ அந்த நீளத்துக்குத் தசை பழகிவிடும்.

நம் வீடுகளில் சென்ற ஐம்பது ஆண்டுகளில் நடந்தது இதுதான். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டோம்; உணவுமேசை வந்தது. அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் மேடையேறின. குத்துக்காலிட்டுப் போட்ட வாசல் கோலம் ஸ்டிக்கராக மாறியது. பழைய உழைப்பு பெண்களின் முதுகை ஒடித்தது என்பதும் உண்மைதான். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேலைகள் கணுக்காலையும் முழங்காலையும் இடுப்பையும் தினமும் முழு அளவுக்கு மடக்கி நீட்டின. வேலையை எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. இத்தோடு அன்பும் சேர்ந்துகொள்கிறது: 'நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்.' மனதாரச் சொல்லும் சொல்தான். அதை நாளுக்கு இருபதுமுறை கேட்கும் அம்மாவின் கால்கள் மெல்ல மெல்ல வேலையை மறந்துவிடுகின்றன.

சரி, நீட்டுப்பயிற்சி செய்தால் விழாமல் இருக்கலாமா? இந்த இடத்தில் நேர்மையாகப் பேசியாக வேண்டும். நீட்டுவதால் மட்டும் விழுவது குறையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஃபூஸோங் லீ தலைமையிலான குழு, எழுபதைக் கடந்த, முன்பே விழுந்திருந்த அல்லது நடப்பதில் சிரமம் இருந்த 670 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சமநிலைக்கென்றே வடிவமைத்த தாய் சி என்ற, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி. அடுத்த பிரிவுக்கு வலிமை, சமநிலை, நடை எல்லாம் கலந்த பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு நீட்டுப்பயிற்சி. வாரம் இருமுறை, ஆறு மாதம். 2018-இல் வெளியான முடிவின்படி, நீட்டுப்பயிற்சி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்டால் தாய் சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. கலப்புப் பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 40 சதவீதம் குறைவு. மறு ஆண்டு, 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும் இதையே சொன்னது. சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகள் விழும் விகிதத்தை 24 சதவீதம் குறைக்கின்றன. அவற்றோடு வலிமைப் பயிற்சியும் சேர்ந்தால் குறைவு 34 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு நீட்டுப்பயிற்சி வீண் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. சமநிலை என்பது, நிலை குலையும் தருணத்தைச் சந்தித்து மீள்வதால் மட்டுமே வளரும் திறமை. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டும்போது உடல் நிலை குலைவதே இல்லை. அதனால் அந்தத் திறமையும் வளர்வதில்லை. அதேசமயம், கணுக்கால் மடங்காத ஒருவரை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் அவர் எதைக்கொண்டு திருத்துவார்? நீட்டுவது முதல் வேலை. நீண்ட தசையை வைத்துக்கொண்டு நிற்கவும், சாயவும், திரும்பவும் பழகுவது அடுத்த வேலை. நம் ஊரில் பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். வாக்கிங் மட்டும் போய்விட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். நடை இதயத்துக்கு நல்லது. ஏற்கெனவே தள்ளாடுபவருக்கு அது ஒன்றே போதாது.

இந்த இரண்டாவது வேலைக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது நியூசிலாந்தின் டுனீடின் நகரில், ஒடாகோ பல்கலைக்கழகத்தில் பிறந்த பயிற்சித் திட்டம். எண்பதும் அதற்கு மேலும் வயதான 233 பெண்களைச் சேர்த்தார்கள். ஜிம் இல்லை, இயந்திரம் இல்லை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, அவரவர் உடலுக்கு ஏற்பப் பயிற்சி கற்றுத்தந்தார்: கணுக்காலில் சிறு எடைப்பட்டை கட்டிக் காலைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது. ஓராண்டு முடிவில் பயிற்சி பெறாத பிரிவினர் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 88 முறை. 1997-இல் இது வெளியானபோது, எண்பதைத் தாண்டிய பாட்டிகளுக்கு இனி என்ன பயிற்சி என்று கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? கெண்டைக்காலிலிருந்து தொடங்குங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாய வேண்டும். கெண்டைச் சதையில் இழுவை தெரிய வேண்டும். வலி தெரியக் கூடாது. அடுத்து, பின்னங்கால் முழங்காலைச் சற்றே மடக்கி அதையே செய்தால் உள்ளே இருக்கும் தசையும் நீளும். இடுப்பு மடிப்புக்கு, கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு மறுகாலை ஓரத்தில் மெதுவாகத் தொங்கவிடலாம். முதல் சில நாட்கள் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். தொடையின் பின்தசைக்கு, நாற்காலி நுனியில் நிமிர்ந்து அமர்ந்து ஒரு காலை நீட்டி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் சற்று முன்னே சாய்ந்தால் போதும்.

எவ்வளவு நேரம்? இளையவர்களுக்குப் பதினைந்து, முப்பது வினாடி போதும். முதியோருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அறுபத்தைந்தைக் கடந்தவர்களிடம் பதினைந்து, முப்பது, அறுபது வினாடிகளை ஒப்பிட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வில், தொடைப் பின்தசையை ஒவ்வொரு தடவையும் அறுபது வினாடி நீட்டி, நான்கு தடவை செய்து, வாரம் ஐந்து நாள் கடைப்பிடித்தவர்களே ஆறு வாரத்தில் அதிகப் பலன் பெற்றார்கள். உந்தி உந்தி ஆட்டாமல், மூச்சை அடக்காமல் நிதானமாக நீட்ட வேண்டும். குளிர்ந்த உடம்போடு விடியற்காலை எழுந்ததும் தொடங்குவதைவிட, ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்த பிறகு செய்வது நல்லது.

குறிப்பாக ஓர் எச்சரிக்கை. எலும்பு மெலிவு உள்ளவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. 1984-இல் வெளியான சினாகி, மிக்கெல்சன் ஆய்வில், எலும்பு மெலிவு இருந்த பெண்களில் முதுகைப் பின்னே நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களுக்குப் புதிய முதுகெலும்பு முறிவு 16 சதவீதம். முன்னே குனியும் பயிற்சி செய்தவர்களுக்கு 89 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் வித்தியாசம் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. தொலைக்காட்சியைப் பார்த்துப் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தாசனமும் செய்யும் அம்மாக்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நீட்டி முடித்த கையோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அதைவிட நல்ல கைப்பிடி வீட்டில் கிடையாது. அசையாது, இடுப்பு உயரத்தில் இருக்கும். பின்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் காவல். முதலில் இரு பாதங்களையும் ஒட்டிவைத்துப் பத்து வினாடி நிற்க வேண்டும். பிறகு ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே தள்ளி. பிறகு ஒரு குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி. கடைசியாக ஒற்றைக்காலில். குதிகால்-விரல்நுனி நிலையில் பத்து வினாடி நிற்க முடியாதவருக்கு விழும் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அந்தப் படியில்தான் தினமும் பழக வேண்டும். எளிதாக நிற்க முடிந்த பிறகும் அதே படியில் தங்கிவிட்டால் பயிற்சி நின்றுபோனதாகத்தான் அர்த்தம். இரு கையால் பிடித்தவர் ஒரு கைக்கு மாறட்டும். பிறகு இரண்டு விரலுக்கு. பிறகு கையை மேடைக்கு மேலே வைத்துக்கொண்டு மட்டும்.

கண்ணை மூடி நிற்பதைத் தனியாக முயலவே வேண்டாம். நம்மை நிற்கவைப்பவை மூன்று: கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருக்கு நீண்டகாலச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கும். அப்படிப்பட்டவர் இரவில் விளக்கில்லாமல் பாத்ரூமுக்குப் போகும்போது மூன்றில் இரண்டை இழந்துவிட்டு, உள்காதை மட்டும் நம்பி நடக்கிறார். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு, எந்தப் பயிற்சிக்கும் குறையாத பாதுகாப்பு.

கவனமும் ஒரு தசை போலத்தான் களைத்துப்போகிறது. சுவீடனில் லுண்டின்-ஒல்சன் குழு 1997-இல் ஓர் எளிய உண்மையைப் பதிவு செய்தது. முதியவரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்காக நின்றுவிடுபவர்களே அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அப்பாவோடு நடக்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். அவர் நின்று பதில் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். சமநிலை ஓரளவு தேறிய பிறகு, மேடையோரம் நடந்துகொண்டே நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுவதும் பயிற்சிதான்.

சிலர் பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். எழுந்து நின்றதும் கண் இருட்டுபவர்கள், படுக்கையில் புரண்டாலே தலைசுற்றுபவர்கள், ஓராண்டுக்குள் இருமுறை விழுந்தவர்கள், தூக்க மாத்திரையோ பல வகை ரத்த அழுத்த மாத்திரைகளோ எடுப்பவர்கள் இதில் அடங்குவார்கள். மாத்திரை அளவை மாற்றினாலே தள்ளாட்டம் நிற்பது உண்டு. முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. படுக்கையில் இருப்பவருக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் விழ நேரலாம். அப்போது எழத் தெரிந்திருக்க வேண்டும். இதை நாம் கற்றுக்கொடுப்பதே இல்லை. அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்தும் பெரிய காயம் ஏற்படாத 313 முதியவர்களில் 148 பேரால் தாங்களாக எழ முடியவில்லை. எலும்பு முறியாவிட்டாலும், வெறும் தரையில் மணிக்கணக்கில் கிடந்தாலே தசை நசிந்து, உடல் வறண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குப் பிறகு பற்றிக்கொள்ளும் பயம் பலரை வீட்டைவிட்டு வெளியே வரவிடாமல் செய்கிறது. வெளியே வராத கால் இன்னும் பலவீனமாகிறது.

முழங்கால் மாற்று அறுவை செய்யாத, மூட்டு அனுமதிக்கும் முதியவர்கள் நாளில் ஒருமுறையாவது தரையில் உட்கார்ந்து எழட்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பிரேசிலில் கிளாடியோ அராஉஜோ குழு, 51 முதல் 80 வயதுவரையான 2,002 பேரைக் கையையோ முழங்காலையோ எவ்வளவு குறைவாக ஊன்றித் தரையில் அமர்ந்து எழ முடியும் என்று சோதித்து மதிப்பெண் கொடுத்தது. மதிப்பெண் குறைந்தவர்களிடம் அடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது என்று 2012-இல் வெளியிட்டது. எழுவதற்கு வலிமை, வளைவு, சமநிலை மூன்றும் ஒரே நேரத்தில் தேவை.

விழுந்தவர் முதலில் அசையாமல் ஒரு நிமிடம் கிடந்து, எங்காவது கடும் வலி இருக்கிறதா, கால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால் எழ முயலாமல் குரல் கொடுக்க வேண்டும். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, மெதுவாகக் கை-முழங்கால் நிலைக்கு வர வேண்டும். அப்படியே தவழ்ந்து, சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலிக்கோ கட்டிலுக்கோ போய், அதன்மேல் இரு கைகளையும் வைத்து, வலுவான காலை முன்னே ஊன்றி, இடுப்பைத் திருப்பி உட்கார வேண்டும். எழுந்ததும் நடக்கத் தொடங்காமல், ரத்த ஓட்டம் சீராகும்வரை சில நிமிடம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும் நாளில், பாயை விரித்து, இந்த முழு வரிசையையும் ஒருமுறை சேர்ந்தே செய்து பாருங்கள்.